நரம்புறைச் சிதைவும் அறிவின் வேகமும்

மல்டிபிள் ஸ்கிளிரோஸிஸ் என்று மேனாட்டு மருத்துவர் வழங்கும் நோய்க்கு நம் நாளிதழ்கள் தண்டுவட மரப்பு நோய் என்று ஒரு பெயர் இட்டிருக்கின்றன. அப்பெயரைக் கேட்டமாத்திரத்தில் முதுகெலும்பினுள் ஓடும் தண்டுவடமும் மரத்துப்போன கால்களுமே நம் மனக்கண்முன் தோன்றுகின்றன. கால் தளர்தல், கை நடுங்குதல், பார்வை மங்குதல், உடலிற் சில பகுதிகள் உணர்விழத்தல் ஆகியன இந்நோயில் உண்டு என்பது மெய்யே. ஆயினும் இந்நோய் தண்டுவடத்தோடு நிற்பதன்று, மூளையையும் பற்றுகின்றது, மூளையின் வழியாக நினைவையும் சிந்தனையையும் தொடுகின்றது. இப்பகுதியைத் தமிழ்ப்பெயர் அடியோடு மறைத்துவிட்டது. பெயரிட்டோரைக் குறைகூறுதல் நம் கருத்தன்று. மருத்துவ உலகமே ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக் காலம் இதனைப் போதிய அளவு எண்ணாதிருந்தது என்பதைப் பின்னர்க் காண்போம்.

முதுமையில் வரும் மறதியை யாவரும் அறிவர். இந்நோயோ பெரும்பாலும் இருபது வயதிற்கும் நாற்பது வயதிற்கும் இடையே தலைகாட்டுவது; ஆடவரினும் பெண்டிரை இரு மடங்கோ அதற்கு மேலோ பற்றுவது. 2020-ஆம் ஆண்டில் எடுத்த கணக்கின்படி உலகில் ஏறத்தாழ 28 இலட்சம் பேர் இந்நோயுடையர். குளிர்நாடுகளில் மிகுதியாகவும் நிலநடுக்கோட்டை அணுக அணுகக் குறைவாகவும் காணப்படுகின்றது. எனினும் இந்தியாவில் இல்லாத நோயன்று. இவ்விதழைக் கையிலேந்தும் மாணவரின் வயதும், பட்டம் பெற்று அண்மையிற் சென்ற பழைய மாணவரின் வயதும் இந்நோய் தொடங்கும் வயதேயாதலின், இதன் இயல்பைச் சற்று விரிவாக அறிந்துகொள்ளுதல் பொருத்தமுடையதாம்.

இந்நோயின் போக்கை முதன்முதல் விரிவாக எழுதிவைத்தவருள் ஒருவர் மருத்துவர் அல்லர், நோயாளரே. இங்கிலாந்து மன்னர் மூன்றாம் ஜார்ஜின் பேரராகிய அகஸ்டஸ் டெஸ்டே என்பார்க்கு 1822-ஆம் ஆண்டு இறுதியில், தமது இருபத்தெட்டாம் வயதில், கண்பார்வை திடீரென மங்கியது. பின்னர் மருந்தின்றியே தெளிந்தது. அன்று தொடங்கி இருபது ஆண்டுகளுக்கு மேலாக, வருவதும் தணிவதும் மீண்டும் வருவதுமாக இருந்த தம் இன்னல்களை நாட்குறிப்பில் எழுதிவந்தார். தம் நோய்க்குப் பெயரொன்று உண்டென்று அறியாமலே 1848-இல் உயிர் துறந்தார். அந்நாட்குறிப்பு சரியாக நூறாண்டு கழித்து 1948-இல் நூல்வடிவில் வெளிவந்தது.

இனி நோயின் தன்மையைக் காண்போம். நரம்புச் செல்லினின்று நீண்டு செல்லும் ஆக்ஸான் என்னும் இழையின்மேல் மயலின் என்னும் கொழுப்புறை பல சுற்றாகச் சுற்றப்பட்டிருக்கின்றது. இவ்வுறை ஓரே தொடர்ச்சியாய் இராமல், கரும்பிற் கணுக்கள் அமைந்தாற்போல இடையிடையே சிறு இடைவெளிகளை உடையது என்பதைப் பிரெஞ்சு அறிஞர் லூயி ரான்வியே 1870-களில் கண்டறிந்தார். மூளையிலும் தண்டுவடத்திலும் அவ்வுறையைச் செய்தளிக்கும் செல்களைத் தனியே பிரித்துக் காட்டியவர் ஸ்பெயின் நாட்டுப் பியோ தெல் ரியோ ஓர்தேகா, ஆண்டு 1921. உறையில்லாத மெல்லிழையில் செய்தி ஒரு விநாடிக்கு ஏறத்தாழ இரண்டு மீட்டர் தூரமே செல்லும். தடித்த உறையுடைய இழையிலோ நூறு மீட்டருக்கும் மேற் செல்லும். மின்துடிப்பு இழை முழுதும் ஊர்ந்து செல்லாமல் கணுவுக்குக் கணு தாவிச் செல்வதே இவ்வேகத்தின் காரணம். இந்நோயில், அயற்கிருமிகளை எதிர்த்து உடலைக் காக்கவேண்டிய வெள்ளணுக்கள் தம் உடலின் மயலினையே பகையென்று கொண்டு தாக்குகின்றன. தாக்குண்ட இடங்கள் பின்னர் இறுகிய வடுக்களாகின்றன. எதனால் இப்பகை மூளுகின்றது என்பதில் முழுத்தெளிவு இன்னும் ஏற்படவில்லை. ஆயினும் 2022-இல் வெளியான பேராராய்ச்சியொன்று, அமெரிக்கப் படையினர் ஒரு கோடிக்கு மேற்பட்டோரின் பதிவுகளைக் கொண்டு, எப்ஸ்டைன்-பார் என்னும் வைரஸ் தொற்றியபின் இந்நோய் வரும் அபாயம் 32 மடங்காகின்றது என்று காட்டியது. அவ்வைரஸ் உலகோரிற் பெரும்பாலோரைத் தொற்றுவது. நோயுறுவாரோ மிகச் சிலர். ஆகவே வேறு காரணங்களும் உடன் இருத்தல் வேண்டும்.

உறை சிதைந்தால் செய்தி தாமதமாகும், அல்லது வழியிலேயே நின்றுவிடும். காலுக்குச் செல்லும் நரம்பில் இது நிகழின் நடை தளர்கின்றது. அதுவே மூளையின் ஒரு பகுதிக்கும் மற்றொரு பகுதிக்கும் இடையே ஓடும் இழைகளில் நிகழின் தளர்வது யாது? சிந்தனையே என்று விடைகூறப் பெரும்புலமை வேண்டுவதில்லை. எனினும் இவ்வெளிய விடையை மருத்துவ உலகம் ஏற்க நெடுங்காலம் சென்றது.

பாரிஸ் நகரத்துச் சல்பெத்ரியேர் மருத்துவமனையில் 1868-இல் விரிவுரையாற்றிய ஜான் மார்ட்டின் சார்க்கோ, இந்நோயைப் பிற நடுக்க நோய்களினின்று பிரித்து அதற்குத் தனிப்பெயரும் நல்கினார். நோயாளரின் நினைவு வலுக்குறைவதையும், கருத்துகள் மெல்ல உருவாவதையும், அறிவும் உணர்ச்சியும் மழுங்குவதையும் அவர் அக்காலத்திலேயே குறித்துவைத்தார். நோயை வகுத்தவரே சுட்டிய இச்செய்தி பின்வந்தோரால் வளர்க்கப்பட்டிருக்க வேண்டும். நிகழ்ந்ததோ வேறு. 1926-இல் காட்ரெல், கின்னியர் வில்சன் என்னும் இருவர் நூறு நோயாளரை ஆராய்ந்தனர். அவர்தம் மனநிலை மாற்றங்களையும், துன்பத்திடையே தோன்றும் காரணமற்ற களிப்பையும் விரித்தெழுதினர். அறிவுக்குறையோ அற்பமானது என்று முடிவுகட்டினர். வில்சன் அக்காலத்து நரம்பு மருத்துவருள் மிகு புகழ் வாய்ந்தவர். அவர் சொல் நிலைத்தது.

அவர்கள் கண்டது பொய் என்று கூறுதற்கில்லை. கண்ட முறையே போதாதது. இந்நோயாளரிடம் உரையாடி அறிவை அளத்தல் அரிது. சொற்களஞ்சியம் குறைவதில்லை; கற்ற பொதுவறிவு பெரும்பாலும் சிதைவதில்லை; பெயர், ஊர், நாள், கிழமை யாவும் வினவியவுடன் வரும். மருத்துவரின் எதிரில் பத்து நிமிடம் அமர்ந்து பேசும் ஒருவரிடம் குறையொன்றும் புலப்படாது. நோயின் கடுமையை அளக்க மருத்துவர் கையாளும் அளவுகோலும் இம்மறைவுக்குத் துணைநின்றது. ஜான் கர்ட்ஸ்கே 1983-இல் திருத்தியமைத்த அவ்வளவுகோல் பூச்சியம் முதல் பத்து வரை அரையரையாக ஏறுவது. அதில் நான்காம் படிக்கு மேற்பட்டவை பெரும்பாலும் எவ்வளவு தூரம் நடக்க இயலும் என்பதைப் பற்றியனவே. நன்றாக நடப்பவர் நலமாகவே இருக்கின்றார் என்பது அதன் மறைபொருள் ஆயிற்று.

இந்நிலையை மாற்றியது அமெரிக்காவில் ஸ்டீபன் ராவோ என்பவரும் அவர்தம் துணைவரும் 1991-இல் வெளியிட்ட ஆராய்ச்சி. மருத்துவமனையிற் கிடந்தோரை விடுத்து, ஊரில் இயல்பாக வாழ்ந்துவந்த நோயாளர் நூறு பேரையும், வயதும் கல்வியும் ஒத்த நலமுடையார் நூறு பேரையும் பல தேர்வுகளால் அளந்தனர். நோயாளருள் நூற்றுக்கு 43 பேரிடம் அறிவுத்தளர்வு காணப்பட்டது. பின்வந்த ஆராய்ச்சிகள் இதனை 40 முதல் 65 வரை என்று கூறுகின்றன. நம் கருத்தில், அவ்வாராய்ச்சியின் இரண்டாம் பகுதியே மிகவும் நினைக்கத்தக்கது. அறிவுத்தளர்வு உடையாரும் இல்லாதாரும் உடற்குறையில் ஏறத்தாழ ஒத்திருந்தனர். எனினும் தளர்வுடையாருள் வேலையில் இருந்தோர் குறைவு, பிறரோடு கூடிப் பழகுவோர் குறைவு, வீட்டுக்கடமைகளில் இடர்ப்படுவோர் மிகுதி. ஆகவே பலரை வேலையினின்று விலக்கியது காலின் தளர்ச்சி மட்டுமன்று.

மூளையில் நிகழும் மாறுதல்கள் யாவை? 1981-இல் காந்தப்புலத்தால் எடுக்கும் எம்.ஆர்.ஐ. படம் இந்நோய்க்கு முதன்முதற் பயன்பட்டபோது, பழைய கருவிகளில் தென்படாத வடுக்கள் பல வெண்புள்ளிகளாய்த் தெரிந்தன. புள்ளிகளை எண்ணிவிட்டால் அறிவுத்தளர்வையும் கணித்துவிடலாம் என்று நம்பினோர் பலர். அந்நம்பிக்கை முழுதும் பலிக்கவில்லை. புள்ளிகள் நிறைந்த மூளையோடு கூர்மையாகச் சிந்திப்போரும் உளர். சில புள்ளிகளோடு தடுமாறுவோரும் உளர்.

இப்புதிருக்கு விடை கண்ணுக்குத் தென்படாத இடங்களில் இருந்தது. மூளையில் வெண்பொருள், சாம்பல் நிறப் பொருள் என இரு பகுதிகள் உண்டு. முன்னது உறையுடைய இழைகளின் தொகுதி. பின்னது நரம்புச் செல்களின் இருப்பிடம். மூளையின் மேற்புறணியும் அதனாலேயே ஆனது. நோய் வெண்பொருளையே பற்றும் என்று நெடுநாள் கற்பிக்கப்பட்டது. ஆனால் 1962-இலேயே பிரவுனெல், ஹியூஸ் என்பார் இறந்த நோயாளர் 22 பேரின் மூளைகளில் 1,594 வடுக்களை ஒவ்வொன்றாக எண்ணி, அவற்றுள் ஏறத்தாழக் காற்பங்கு சாம்பல் நிறப் பொருளிலோ அதன் எல்லையிலோ அமைந்திருத்தலைக் காட்டினர். புறணியில் உள்ள வடுக்கள் வழக்கமான எம்.ஆர்.ஐ. படத்தில் பெரும்பாலும் தெரிவதில்லை. ஆதலால் அவ்வெண்ணிக்கை பல ஆண்டுகள் நூலகத்திலேயே உறங்கியது. பொறுமையோடு எண்ணிய அவ்விருவர்க்கும் உரிய பெருமை காலந்தாழ்த்தே கிட்டியது.

1998-இல் புரூஸ் டிராப் என்னும் அமெரிக்க அறிஞரின் குழுவினர் மற்றொன்றையும் காட்டினர். வடுக்களில் உறை மட்டும் உரிந்துபோவதில்லை. உள்ளிருக்கும் ஆக்ஸான் இழையும் அறுபடுகின்றது. உறை ஒருவாறு மீள வளரக்கூடும். அறுந்த இழை மீள்வதில்லை. இழையை இழந்த நரம்புச் செல் காலப்போக்கில் தானும் நலிகின்றது. இவ்வாறு சிறிது சிறிதாக மூளையே சுருங்குகின்றது. நலமுடைய வளர்ந்தோரின் மூளை ஆண்டொன்றுக்கு நூற்றில் 0.1 முதல் 0.3 பங்கு வரை குறைவது இயல்பு. இந்நோயாளரிடத்தில் அது 0.5 முதல் 1.35 வரை என்று கணக்கிட்டிருக்கின்றனர். அறிவுத்தளர்வோடு நெருங்கிய தொடர்புடையது புள்ளிகளின் எண்ணிக்கையினும் இச்சுருக்கமே.

எல்லாப் பகுதியும் ஒருங்கே சுருங்குவதுமில்லை. மூளையின் நடுவே இருக்கும் தலாமஸ் என்னும் உறுப்பு நோயின் தொடக்கத்திலேயே சுருங்கத் தொடங்குகின்றது. கண், செவி, தோல் ஆகியவற்றினின்று வரும் செய்திகளும், புறணியின் ஒரு பகுதியினின்று மற்றொரு பகுதிக்குப் போகும் செய்திகள் பலவும் அதன் வழியாகவே செல்கின்றன. பல திசைகளிலிருந்தும் பாதைகள் வந்து கூடும் ஒரு பெரிய இரயில் சந்திப்பில் பழுது நேர்ந்தால், எங்கோ தொலைவில் உள்ள சிற்றூர் நிலையத்திலும் வண்டி தாமதமாகின்றது அன்றோ? தலாமஸ் சுருங்குதலும் அத்தகையதே. இரு மூளைப்பாதிகளையும் இணைக்கும் கார்பஸ் கலோசமும், புதிய நினைவுகளைப் பதிக்கும் ஹிப்போகேம்பஸும் இந்நோயில் மெலிகின்றன.

தாமதம் என்னும் சொல்லை நாம் வேண்டுமென்றே கையாண்டோம். இந்நோயில் முதலிலும் மிகுதியாகவும் தளர்வது செய்தியைக் கையாளும் வேகமே. இதனை அளக்க ஏரன் ஸ்மித் என்பார் 1973-இல் வெளியிட்ட தேர்வொன்று உலகெங்கும் வழக்கில் இருக்கின்றது. தாளின் மேற்புறத்தில் ஒன்பது குறிகளும் அவற்றின்கீழ் ஒன்று முதல் ஒன்பது வரை எண்களும் அச்சிட்டிருக்கும். அதன்கீழ் அக்குறிகள் மட்டும் வரிவரியாய்க் கலந்து நிற்கும். ஒவ்வொரு குறிக்கும் உரிய எண்ணை மேலே பார்த்துச் சொல்லிக்கொண்டே போதல் வேண்டும். கிடைக்கும் நேரம் 90 விநாடி. சிறுவரும் செய்யத்தக்க எளிய வேலை. ஆனால் கண்ணால் தேடுதல், நினைவில் நிறுத்துதல், வாயாற் கூறுதல், அடுத்ததற்குத் தாவுதல் ஆகிய அனைத்தும் விரைந்து நிகழ்ந்தாலன்றி எண்ணிக்கை ஏறாது. பல மணி நேரத் தேர்வுகள் காட்டும் தளர்வை இவ்வொன்றரை நிமிடம் பெருமளவு காட்டிவிடுகின்றது.

இங்கு ஐயமொன்று எழும். விடை தெரியாமையால் தவறுகின்றனரா, விடையை அடையும் நேரம் போதாமையால் தவறுகின்றனரா? 1999-இல் தெமரி, தெலூக்கா முதலியோர் இதனையே ஆராய்ந்தனர். நோயாளர் ஒவ்வொருவர்க்கும் அவரவர் வேகத்திற்கேற்ப நேரத்தைக் கூட்டிக் கொடுத்து அதே வேலையைச் செய்யுமாறு பணித்தபோது, அவர்தம் விடைகளின் திருத்தம் நலமுடையாரின் திருத்தத்தை ஒத்திருந்தது. நினைவைப்பற்றிய ஆராய்ச்சிகளும் இதற்கு இயைந்தனவே. ஒரு சொற்பட்டியலை மனப்பாடம் செய்ய நலமுடையார்க்கு நாலைந்து முறை போதுமாயின், இந்நோயாளர்க்கு இன்னும் சில முறை வேண்டியிருக்கின்றது. ஒருமுறை நன்கு பதிந்தபின் அதனை நினைவுகூர்வதில் வேறுபாடு சிறிதே. அல்சைமர் நோயில் பதிந்ததும் நழுவிவிடுகின்றது. இங்கோ பதிதலே மெதுவாகின்றது. இவ்விரண்டையும் ஒன்றென எண்ணி, இந்நோயாளரைக் கண்டு அறிவிழந்தவர் என்று முடிவுசெய்தல் பெரும்பிழையாம்.

அன்றாட வாழ்வில் இத்தளர்வு எவ்வாறு தோன்றும்? ஒருவரோடு தனித்துப் பேசும்போது தெளிவாகப் பேசுபவர், நால்வர் ஒருங்கே பேசும் இடத்தில் வாய்மூடியிருப்பார். ஆசிரியர் சொல்லும் வாக்கியத்தைக் குறிப்பெடுத்து முடிக்குமுன் அடுத்த மூன்று வாக்கியங்கள் போய்விடும். அடுப்பிற் பாலை வைத்துவிட்டு வாயிலில் வந்தவரோடு பேசத்தொடங்கியவர் பாலை மறப்பார். நிறுத்தி நிறுத்திச் செய்தால் ஒவ்வொன்றையும் செம்மையாகச் செய்யவல்லவர், இரண்டை ஒருங்கே செய்யப் புகுந்தால் இரண்டிலும் தடுமாறுவார். காண்போர் இதனைச் சோம்பல் என்றும், அசட்டை என்றும், சில வேளை செருக்கு என்றும் கொள்கின்றனர். காலில் கட்டுப்போட்டு வருபவர்க்கு இருக்கை தருபவர், முகத்தில் யாதொரு குறியும் இல்லாத இவர்மீது சினம் கொள்வதில் வியப்பில்லை. ஆனால் நியாயமும் இல்லை.

ஒரே அளவு சிதைவுடைய இருவருள் ஒருவர் தளர்வதும் மற்றவர் தளராமையும் ஏன்? மூளை தன் பழுதை உணர்ந்து, வழக்கமாகப் பயன்படாத பகுதிகளையும் துணைக்கழைத்து ஒரு வேலையை முடிக்கின்றது என்பதை, சிந்திக்கும்போதே எடுக்கும் எம்.ஆர்.ஐ. படங்கள் காட்டியிருக்கின்றன. ஜேம்ஸ் சுமோவ்ஸ்கி முதலியோரின் ஆராய்ச்சிகளில், சொல்வளம் மிக்கவரும், இளமையில் வாசித்தல், எழுதுதல், கலைகளிற் பயிலுதல் ஆகிய பழக்கம் உடையவரும் மூளைச் சுருக்கத்தை மற்றவரினும் நன்றாகத் தாங்கினர். கையிருப்பு உள்ள குடும்பம் பஞ்ச காலத்தைச் சற்று எளிதிற் கடப்பது போன்றது இது. ஆனால் கையிருப்பு மழையைப் பெய்விப்பதில்லை. படிப்பு நோயைத் தடுத்துவிடும் என்று இதற்குப் பொருள்கொள்ளலாகாது. சிதைவு மிகுந்தால் கற்றவரும் தளர்வர்.

மருந்துகளின் நிலையைச் சுருங்கக் கூறுவாம். 1993-இல் அமெரிக்காவில் இன்டர்பெரான் பீட்டா என்னும் மருந்து ஒப்புதல் பெற்றது முதல், இருபதுக்கு மேற்பட்ட மருந்துகள் வழக்கிற்கு வந்துள்ளன. இவை நோய் மீண்டும் மீண்டும் மூள்வதைக் குறைக்கின்றன. சில, மூளை சுருங்கும் வேகத்தையும் ஓரளவு தணிக்கின்றன. இழந்த வேகத்தை மீட்டுத்தரும் மருந்தென்று நிலைநாட்டப்பெற்றது ஒன்றும் இதுகாறும் இல்லை. அல்சைமர் நோய்க்குக் கொடுக்கும் டோனெபெசில் என்னும் மருந்தை 120 பேரிடம் சோதித்து 2011-இல் வெளியிட்ட முடிவும் ஏமாற்றமே அளித்தது.

பயிற்சிகளில் ஒளி சற்று மிகுதி. நியூஜெர்சியில் நான்ஸி கியாரவலோட்டி முதலியோர் 86 நோயாளரைக் கொண்டு நடத்தி 2013-இல் வெளியிட்ட சோதனையில், பத்து அமர்வுகளில் ஓர் எளிய முறை கற்பிக்கப்பட்டது. நினைவில் வைக்கவேண்டியவற்றை மனக்கண்ணிற் காட்சியாக்குதலும், தொடர்பற்ற சொற்களை ஒரு கதையிற் கோத்தலுமே அம்முறை. தேர்வுக்கு முதல்நாள் நம் மாணவர் தாமே கண்டுபிடித்துக்கொள்ளும் தந்திரம் இது! பயின்றவர் பயிலாதவரினும் நன்றாகக் கற்றனர். இதற்கு மாறாக, ஆறு நாடுகளில் 311 பேரிடம் நடத்தி 2023-இல் வெளியான சோதனையில், மூளைப்பயிற்சியையும் உடற்பயிற்சியையும் சேர்த்துச் செய்ததால் தனித்தனியே செய்ததினும் மிகுபயன் விளையவில்லை. நலம் தரும் என்று எளிதில் நம்பத்தோன்றுவதையும் சோதித்தே ஏற்க வேண்டும் என்பதற்காக இதனைக் குறித்தோம்.

வெப்பத்தைப் பற்றியும் நம் நாட்டார் அறிதல் நன்று. உடல் சூடேறினால் இந்நோயாளரின் பார்வை முதலியன தற்காலிகமாக மங்கும்; உடலுழைப்பிற்குப்பின் பார்வை இவ்வாறு மங்குதலை ஜெர்மானிய மருத்துவர் வில்ஹெல்ம் ஊட்ஹாப் 1890-இல் குறித்துவைத்தார். பிற்காலத்தில் வெந்நீர்த் தொட்டியில் இறக்கி நோயைக் கண்டறியும் வழக்கமும் சில காலம் இருந்தது. இன்று அது கைவிடப்பட்டது, நன்றே. வெப்பம் மிக்க நாட்களில் சிந்தனை வேகமும் குறைகின்றது என்று 2012-இல் வெளியான ஆராய்ச்சி காட்டுகின்றது. சித்திரை வெயிலில் மாடியறையில் நடக்கும் தேர்வு எல்லார்க்கும் துன்பமே; இவர்க்கு அத்துன்பம் இருமடங்கு. இதனோடு, ஓய்ந்தும் தீராத சோர்வும், வாழ்நாளில் ஏறத்தாழப் பாதிப்பேரைப் பற்றும் மனச்சோர்வும் சேர்ந்து சிந்தனையை இன்னும் மெதுவாக்குகின்றன. மனச்சோர்வு மருத்துவத்தால் தணியக்கூடியதாகலின், அதனை முதலில் ஆராய்தல் மருத்துவர் கடன்.

இந்தியாவில் 2016-இல் இயற்றப்பட்ட மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், தான் ஏற்ற 21 வகைக் குறைபாடுகளுள் இந்நோயையும் பெயர் சுட்டிச் சேர்த்திருக்கின்றது. நரம்புறை சிதைந்து, மூளையிலும் தண்டுவடத்திலும் உள்ள செல்கள் ஒன்றோடொன்று செய்தி பரிமாறும் ஆற்றல் பழுதுறுதலே இந்நோய் என்று அச்சட்டம் விளக்கமும் தருகின்றது. எனவே இந்நோயுடைய மாணவர் ஒருவர் தேர்வறையில் கூடுதல் நேரம் கேட்டு வருவாராயின், அவர் கேட்பது மதிப்பெண்ணிற் சலுகை அன்று. எழுதுகோலைப் பிடிக்கும் கை நேராயிருக்கின்றதே, இவருக்கு நேரம் எதற்கு என்று வினவும் கண்காணிப்பாளர், 1999-இன் அவ்வாராய்ச்சியை நினைத்துப் பார்க்கலாம்: நேரம் தந்தபோது விடைகள் சரியாகவே வந்தன.